மூன்றாம் எண்ணைக் காத்த அக்கா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக எனக்குள்ளேயே இழுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலைப் படி ஏறும்போது, இறங்கி வந்ததும் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். இறங்கி வந்தால் கால் வலிக்கும், வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும், அப்படியே விட்டுவிடுவேன். வெளியே சோம்பல் என்று சொல்லிக்கொண்டேன். பயம் என்று முருகனுக்குத் தெரியும். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அந்த அம்மாவே, இருந்த காலத்தில், எழுத வேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது ஆகாது, என்னை நான் காப்பாற்றிக்கொள்வதுதான்.

நான் மூன்றாம் படிவம் வரை படித்தவன். போர்ட் கிள்ளானில் ஒரு கிட்டங்கியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் குறை வைக்கவில்லை.

அவர் பெயரைப் போடப் போவதில்லை. நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய மாடி வீட்டில் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். எழுபதுகளில், அட்டையில் துளை போட்டுக் கணினிக்குக் கொடுத்த நாளிலேயே அரசாங்க இலாகா ஒன்றில் அந்த வேலைக்குப் போனவர். நான் அவரைத் தெரிந்துகொண்டது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது அவர் கையில் ஒரு தமிழ்ப் புரோகிராம் இருந்தது. கணினியில் தமிழில் தட்டி, அச்சடிக்க உதவும் புரோகிராம். அதைத் தொடங்கியவர் வேறொருவர். அவர் வெளிநாடு போனபோது அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதை எழுதிய வரிகள் முழுவதையும், புரோகிராம் வரும் அதே டிஸ்கெட்டில் திறந்தே வைத்திருந்தார்கள். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், காப்பி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். திருத்தினால் அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லி ஒரு குறிப்பு இருக்கும். அப்படி வருகிற திருத்தங்களில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது, எப்போது வெளியே விடுவது என்று தீர்மானிப்பது அக்காவின் வேலை. பராமரிப்பாளர் என்று டிஸ்கெட்டில் போட்டிருக்கும். சம்பளம் கிடையாது.

அந்த வீட்டுக்குப் போன் செய்தால் முதலில் எடுப்பது அவர் கணவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்பார்.

“பழுதோ, புதுசோ?”

பழுது என்றால் உடனே அக்காவைக் கூப்பிடுவார். புதிதாக ஒன்று சேர்க்கலாம் என்று யாராவது யோசனை சொல்ல வந்தால், “ஆறுதலாக் கடிதம் போடுங்கோ, மனிசி ஆறுதலா வாசிப்பா” என்று, மெதுவாக என்பதை அவர்கள் வழக்கில் சொல்லி, போனை வைத்துவிடுவார். எங்களுக்குள் அது பெரிய சிரிப்பு. கோயிலில் யாராவது புதிதாகக் குழு தொடங்க வேண்டும் என்று சொன்னால்கூட நாங்கள் பழுதோ புதுசோ என்று கேட்க ஆரம்பித்துவிட்டோம்.

ஆனால் அதில்தான் அக்காவின் குணம் முழுவதும் இருந்தது. அந்தப் புரோகிராமின் ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று எண் உண்டு. இரண்டு புள்ளி நான்கு புள்ளி ஒன்று என்பதுபோல. முதல் இரண்டு எண்ணில் ஒன்று மாறினால் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது எண் மட்டும் மாறினால் பழுது பார்த்திருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை என்று பொருள். அந்த மூன்றாவது எண்ணை அக்கா கற்பூரம் அடித்துக் கொடுத்த சத்தியம்போல நினைத்தார். நேற்றுத் தட்டிய இடத்தில் இன்றைக்கும் அதே எழுத்து இருக்க வேண்டும், நேற்றுத் திறந்த கோப்பு இன்றைக்கும் திறக்க வேண்டும். ஒரு நிறம்கூட மாறக் கூடாது.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததே ஒரு கோபத்தில்தான். கிள்ளானில் எங்கள் கோயிலுக்கு யாரோ ஒரு கணினி கொடுத்திருந்தார்கள். பால்குடம் எடுப்பவர்களின் பெயரைத் தட்டி அச்சடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பெயர் அச்சில் வராது. சாமி காரியத்தில் ஒருவர் பெயர் விடுபட்டால் என்ன ஆகும்? சூடாக ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வந்தது. என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள், பிரிண்டரின் பெயரையும் எழுதுங்கள் என்று. எனக்கு மூக்குமேல் கோபம். ஒரு சனிக்கிழமை தாளையே மடித்து எடுத்துக்கொண்டு ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விட்டேன்.

அக்கா நான் பேசியதை எல்லாம் கேட்டார். பிறகு கணினிக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, கோயிலில் செய்வதுபோலவே செய்யுங்கோ என்றார். நான் ஒவ்வொரு விசையாகத் தட்டத் தட்ட அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து, எங்கள் கோயில் வாங்கும் தாள் நீளத்தில் கொஞ்சம் குட்டை என்று கண்டுபிடித்தார். தப்பு எங்கள் தாளில்தானே என்று நான் சங்கடப்பட்டேன். இல்லை, எல்லாரும் ஒரே தாள்தான் வாங்குவினம் எண்டு நினைச்சது புரோகிராமின்ர பிழை என்றார். அடுத்த பழுது பார்த்த பதிப்பு வந்தபோது, நன்றிக் கோப்பில் என் பெயர் இருந்தது. கிள்ளான் என்று ஊர்ப் பெயரோடு. ஒரு வரி நிரல் எழுதத் தெரியாதவன் நான். அதை அச்சடித்து, அந்தத் தாளை வீட்டுச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டேன். என் மனைவி சிரித்தாள்.

அதற்குப் பிறகு நானும் அந்த வேலையில் ஒருவன் ஆனேன். கடிதம் போட்டுக் கேட்பவர்களுக்கு டிஸ்கெட் காப்பி எடுத்து, உறையில் போட்டு அனுப்புவது என் பொறுப்பு. அக்கா மூலப் பிரதி கொடுப்பார், நான் கோயில் கணினியில் காப்பி எடுப்பேன்.

அக்கா வீட்டின் மூலையில் ஒரு பழைய கணினி இருந்தது. ஹார்ட் டிஸ்க் கிடையாது, டிஸ்கெட் போடும் வாய் இரண்டு மட்டும். மேலே ஒரு பாத்தேக் துணி போர்த்தியிருக்கும். எந்தத் திருத்தம் வந்தாலும் கடைசியாக அந்தத் துணியை எடுத்து, அதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார். அது ஓடும் வேகத்துக்கு ஒரு கோப்பு திறப்பதற்குள் நான் கீழே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம். இந்த மாதிரிக் கணினியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் அக்கா என்று ஒருநாள் கேட்டேன்.

“ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில வைச்சிருக்கினம் தம்பி. ஆரோ குடுத்தது, ஆபீஸ்ல வேண்டாம் எண்டு கழிச்சது. குறை சொல்லி எழுதுறவையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உங்களை மாதிரி ரயிலேறி வந்து பேசிப்போட்டுப் போவினம். சரிவரேல்ல எண்டால் ஒண்டும் சொல்லாமல் எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சிடுற ஆக்கள் இருக்கினம். அவையை நான் எங்க போய்த் தேடுறது?”

இதை நான் அப்போது கேட்டேன், தலையாட்டினேன். மனதில் வாங்கவில்லை.

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த இஞ்சினியர் ஒருவர் அந்தக் காலத்தில் வந்து சேர்ந்தார். கெட்டிக்காரர். ஒரு நாள் ஒரே டிஸ்கெட்டில் ஐந்து மாற்றங்களைச் செய்து கொண்டுவந்தார். திரையில் வண்ண வண்ணமான பட்டியல்கள், புதிய எழுத்து வடிவம், பெரிய கோப்புகளைச் சேமிக்க ஒரு வழி, இன்னும் என்னென்னவோ. அக்கா பார்த்துவிட்டு, ஐந்தையும் ஐந்தாகப் பிரித்துக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றோடு ஒன்று பின்னியிருந்தால் நாளைக்கு ஒன்றில் பழுது வந்தால் எதைக் கழற்றுவது என்று கேட்டார்.

“என்ன அக்கா, ஆபீஸ்ல என் பாஸ்கூட இப்படி நோண்ட மாட்டாரு லா” என்றார் அவர்.

“உங்கட பாஸ் சம்பளம் தாறார், சகிச்சுக்கொள்ளுறீங்கள். நான் தேத்தண்ணிதானே தாறன், கோவிச்சுக்கொண்டு போகலாம்” என்றார் அக்கா.

அவர் போகவில்லை. பிரித்துக் கொண்டுவந்தார். அக்கா இரண்டை எடுத்துக்கொண்டார், இரண்டை வேண்டாம் என்றார். வேண்டாம் என்றதற்கு இரண்டு பக்கம் காரணம் எழுதிக் கொடுத்தார். வண்ணப் பட்டியல் போயிற்று. மனுஷன் முகம் வாடிப்போனது. ஆனால் அந்தக் காகிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார் என்று பின்னால் சொன்னார். அவர் வேலையை இத்தனை கவனமாக வேறு யாரும் படித்ததில்லையாம்.

ஐந்தாவதுதான் பெரிய கோப்புகளைச் சேமிக்கும் வழி. அதற்கு நிறையப் பேர் காத்திருந்தார்கள். நீளமாக ஏதாவது தட்டினால் பழைய பதிப்பு ஒரு அளவுக்கு மேல் நின்றுவிடும். அது பழுதுதான், பார்க்க வேண்டியதுதான் என்று அக்கா ஏற்றுக்கொண்டார். ஹார்ட் டிஸ்க் இருந்த அக்காவின் பெரிய கணினியில் நன்றாக ஓடியது. பழைய கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால், அந்த நேரம் பார்த்து அதன் ஒரு வாய் கெட்டுவிட்டது. மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை பதிப்பை நிறுத்தி வைத்தார். எனக்கு மட்டும் ஒரு பிரதி கொடுத்து, கோயில் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அதன் மேல் அவர் கையால் ‘சோதனைக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் கணினியில் அது அருமையாக ஓடியது. பால்குடப் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கின. என் வீட்டிலோ, அந்தத் திருத்தம் எப்போது வரும் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்து கிடந்தன. கோயில்கள், சங்கங்கள், பள்ளிக்கூடங்கள். ஒரு பெரியவர் முருகன் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தார். நான் இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு, சாமி காரியத்துக்குக் கேட்பவனைக் காக்க வைப்பது பாவம், அக்கா கொஞ்சம் அதிகமாகத்தான் பயப்படுகிறார் என்று நானே முடிவு செய்தேன். பன்னிரண்டு காப்பி எடுத்தேன். என் காப்பியில் இருந்த அந்த இரண்டு சொல்லை எதிலும் எழுதவில்லை. பன்னிரண்டு உறையில் போட்டு, விபூதி வைத்துக் கும்பிட்டு, தபாலில் சேர்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும்.

தைப்பூசம் நன்றாக நடந்தது. எட்டு பேர் நன்றி சொல்லி எழுதினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை.

மார்ச் மாதம் ஒரு உறை திரும்பி வந்தது. பந்திங் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு நான் அனுப்பிய டிஸ்கெட். கூட அவருடைய இன்னொரு டிஸ்கெட்டும் இருந்தது. ஒரு கடிதமும் இல்லை. ஒரு வரிகூட இல்லை. கோயிலுக்கு எடுத்துப் போய் இரண்டாவது டிஸ்கெட்டைத் திறந்து பார்த்தேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சி நூல். அவரே தமிழில் எழுதித் தட்டியிருக்கிறார். எண்பத்தாறு பக்கம் என்று முதல் பக்கத்தில் இருந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு கணக்குப் பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் முருகன் சன்னிதியில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன்.

அக்கா டிஸ்கெட்டைப் போட்டார். திரையின் மேலே பதிப்பு எண் தெரிந்தது. அதைப் பார்த்ததும் கையை விசையில் இருந்து எடுத்துவிட்டார்.

“இது எப்படி வெளியில போனது?”

“நான்தான் அக்கா அனுப்பிட்டேன்.”

“எத்தனை பேருக்கு?”

“பன்னிரண்டு பேருக்கு.”

“விலாசம் இருக்கோ?”

“இருக்கு அக்கா.” என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அப்ப முதல் கடிதம் எழுதுவம். அழுகிறதைப் பிறகு பாப்பம்.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பன்னிரண்டு பேருக்கும் அன்றைக்கே கடிதம் தட்டினார்: அதைப் பயன்படுத்தாதீர்கள், பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். போன் இருந்தவர்களுக்கு அவர் கணவர் போன் செய்தார். என்ன நடந்தது என்பதையும் அக்காதான் எனக்கு விளக்கினார். இஞ்சினியர் செய்த வழியில், சேமிக்கும்போது பழைய கோப்பை முதலில் அழித்துவிட்டுப் புதியதை எழுதும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் நிறைய இருப்பதால் ஒன்றும் தெரியாது. டிஸ்கெட்டில் இடம் போதாவிட்டால், பழையதும் போய்விடும், புதியதும் பாதியில் நின்றுவிடும். மூலையில் இருந்த கணினியில் ஒருமுறை ஓட்டியிருந்தால் உடனே தெரிந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை அக்காவும் நானும் இஞ்சினியரின் காரில் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். ஆசிரியை எங்களைக் கண்டு பதறிப்போனார். ஏன் டீச்சர் ஒரு வார்த்தை எழுதவில்லை என்று நான் கேட்டேன்.

“இனாமா குடுக்குறீங்க, அதுல போய் என்னன்னு சார் குறை சொல்றது? நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன். எனக்கு இது சரிப்படாது, கையாலயே எழுதிக்கலாம்னு அனுப்பிட்டேன்” என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அழிந்த கோப்பின் துண்டுகள் டிஸ்கெட்டிலேயே அங்கங்கே மிச்சம் இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். அவரும் இஞ்சினியரும் அதைத் துண்டு துண்டாகப் பொறுக்கி, மேலும் இருபது பக்கம்போல மீட்டார்கள். மற்றதை ஆசிரியை தன் பழைய நோட்டுகளில் இருந்து வாசிக்க வாசிக்க, அக்கா தட்டினார். ஐந்து சனிக்கிழமை. நான் கூடவே போய் அச்சடித்த தாள்களைச் சரிபார்த்தேன். அந்தப் பயிற்சி நூல் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு, சரி செய்த பதிப்பு வெளிவந்தது. அதோடு வரும் அறிவிப்புக் கோப்பை அக்கா எழுதி என்னிடம் காட்டினார். சோதனை முடியாத பதிப்பு ஒன்று சிலர் கைக்குப் போய்விட்டது, அதனால் ஒருவரின் உழைப்பு அழிந்தது, அது பராமரிப்பாளராகிய என் தவறு என்று எழுதியிருந்தார். கீழே அவர் பெயர். நான் கையெடுத்துக் கும்பிட்டு, உண்மையை எழுதுங்க அக்கா, என் பெயரைப் போடுங்க என்றேன்.

“தம்பி, உங்கட பேரைப் போட்டால், வாசிக்கிற ஆக்கள் பயந்திடுவினம். கை குடுக்க வந்தால் நாளைக்குத் தங்கட பேரும் இப்படி வரும் எண்டு நினைப்பினம். பிறகு ஒருத்தரும் வர மாட்டினம். என்ர பேர் எண்டால் ஒருத்தருக்கும் பயம் இல்லை. இது இப்படியே போகட்டும். நீங்களும் எங்கயும் எழுத வேண்டாம்.”

“பொய்யாச்சே அக்கா.”

“பிரதியை உங்களிட்டைத் தந்தது நான்தானே. அது பொய்யோ?”

அடுத்த வாரமே எனக்கு மூலப் பிரதியைக் கொடுத்து, காப்பி எடுத்து அனுப்பச் சொன்னார். வேறு யாரிடமாவது கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். அந்த அறிவிப்பை நானே நூற்றுக்கணக்கில் காப்பி எடுத்தேன். என் தப்பை அவர் பெயரில் சுமந்துகொண்டு ஒவ்வொரு டிஸ்கெட்டும் என் கையாலேயே ஊர் ஊராகப் போனது.

பல வருஷம் கழித்து, கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் தமிழ்க் கணினி பற்றி ஒரு கூட்டம். அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போதே தலை முழுக்க நரைத்துவிட்டது. மேடையில் பேசியவர் பழைய புரோகிராம்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தபோது, இதன் பெயரையும் சொன்னார். பொறுப்பில் இருந்த அம்மா அவசரப்பட்டு ஒரு பதிப்பை விட்டுவிட்டார், பலருடைய கோப்புகள் போயின, ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்றார். சபையில் சிலர் சிரித்தார்கள். அவசரம் என்ற சொல்லை அவர்மேல் வைத்ததை என்னால் தாங்க முடியவில்லை. நான் எழுந்திருக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, இருங்கோ என்றார். அவ்வளவுதான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பிடித்ததால்தான் உட்கார்ந்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்கும் உட்காரத்தான் ஆசையாக இருந்தது.

அக்கா இறந்த பிறகு ஒரு மலரில் அவரைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். நல்ல விதமாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அதிலும் அந்த ஒரு வரி இருந்தது, அவசரத்தில் நேர்ந்த ஒரு பிழை என்று. அதை எழுதியவர்மேல் குற்றம் இல்லை. அக்காவே கையெழுத்துப் போட்ட அறிவிப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார். நான் அதைச் சாமி மாடத்தின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு விளக்கேற்றிக் கும்பிட என்னால் முடியவில்லை. என் மனைவிதான் ஏற்றினாள். என்ன என்று கேட்டாள். முதன்முறையாக அவளிடம் முழுவதையும் சொன்னேன். “எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போவுது?” என்று கேட்டாள்.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். அக்கா ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. அந்தப் பன்னிரண்டு உறைகளையும் ஒட்டியவன் நான்.

இதைப் படிக்கிறவர்கள் வேண்டுமானால் காப்பி எடுத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். பழைய ஆட்கள், அந்த மலரைப் படித்தவர்கள், அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு முதலில் கொடுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. வயசான மனுஷன் என்று என்மேல் இரக்கப்பட்டு நான் செய்ததைக் குறைத்துவிடாதீர்கள். அவரைப் பெரிதாக்குவதற்காக அவர் சொல்லாத ஒரு சொல்லையும் சேர்க்காதீர்கள். நான் எழுதியது எழுதியபடியே போகட்டும்.